பிரேக் மிதி எத்தனை?

அத்தியாயம் 19

சின்னவனைக் கண்ணிலேயே காட்டாமல் இன்னும் எத்தனை வாரம் கதையை இழுப்பதாக உத்தேசம் என்று கோபித்துக்கொண்டு எழுதியவர்களுக்கு முதலில் ஒரு வணக்கம். கோபம் நியாயமானதுதான். ஆனால் அவன் அக்காவுக்கே தெரியாததை உங்களிடம் மட்டும் நான் எப்படிச் சொல்வது?

தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன். மாஸ்டருக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல், இரண்டு பிள்ளைகள். மனைவி போய் வெகு காலமாகிறது. பெரியவள் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவோடு சேர்ந்து வண்டி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சின்னவன், ஐந்து வருடத்துக்கு முன்னால் நடந்த விபத்துக்கு மறுநாள் வீட்டைவிட்டுப் போனான். மிஞ்சிய இருவரும் போன வாரம் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாளைக்கு ஏழு மணி வகுப்புக்கு யார் வருகிறார் என்று ஒருவர் கேட்டார், மற்றவர் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. அங்கேதான் விட்டோம்.

இன்று புதன்கிழமை.

எட்டரை மணிக்குப் பெரியவள் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கினாள். சாலை விதிகள் எழுதிய பலகையைத் துடைத்து வாசலில் வைத்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். வந்திருந்த மெயில் இரண்டு. ஒன்று மின்சார பில். இன்னொன்று புதிதாகச் சேர விரும்பும் ஒரு நர்ஸம்மா.

ஒரு மாதத்துக்கு முன்னால் இப்படி இல்லை. தினமும் இருநூறுக்குக் குறையாமல் வரும். ஸ்கூலின் இணையதளத்தில் "எங்களிடம் சேர" என்று ஒரு படிவம் உண்டு. பெயர், போன் நம்பர், எந்த நேர வகுப்பு, முன் அனுபவம் உண்டா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. இதை நிரப்பினால் பெரியவளுக்கு மெயில் வந்துவிடும். இந்தப் படிவத்தை மனிதர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இயந்திரங்கள் கண்டுபிடித்துவிட்டன. தலைமுடி வளர எண்ணெய், வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழி, பெயர் தெரியாத தேசத்தில் ஒரு சீமாட்டி விட்டுச்சென்ற புதையல். எல்லோரும் டிரைவிங் ஸ்கூலில்தான் வந்து கடை விரித்தார்கள்.

அந்தக் குப்பையில் உண்மையாகச் சேர வந்த நாலு பேர் காணாமல் போனார்கள். அதில் ஒருவர் நேரில் வந்து சத்தம் போட்டார். அன்றைக்குத்தான் மாஸ்டர், "இதுக்கு ஒரு வழி பண்ணும்மா" என்றார்.

வழி பண்ணியது கம்ப்யூட்டர் டீச்சர். பெரியவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது வேறு ஊரில் ஒரு பள்ளியில் வேலை. தளத்தை முதலில் செய்துகொடுத்ததும் அவள்தான். "படிவத்துக்குக் கீழே ஒரு கேள்வி வைப்போம்டி. மனுஷனா இருந்தா பதில் சொல்லுவான், மெஷினா இருந்தா முழிக்கும்" என்றாள்.

முதலில் ஐந்தும் மூன்றும் எத்தனை என்று வைத்தார்கள். கூட்டல் கணக்கில் இயந்திரம் புலி. அடுத்து, கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் படித்துத் தட்டச் சொன்னார்கள். சேர விரும்பிய பேக்கரிக்காரர் ஒருவர் போன் செய்தார். "இந்தப் பரீட்சையிலயே ஃபெயில் ஆயிட்டேன், லைசென்ஸ் எங்க வாங்கப் போறேன்?" என்று புலம்பினார்.

கடைசியில் கேள்வி சொன்னது மாஸ்டர். "நம்ம பயிற்சி வண்டியில பிரேக் மிதி எத்தனை? அதைக் கேளு."

மற்ற வண்டிகளில் ஒன்றுதான் இருக்கும். பயிற்சி வண்டியில் இரண்டு. ஓட்டப் பழகுகிறவரின் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று. பழகுகிறவர் பயத்தில் விறைத்துப்போனாலும் பக்கத்திலிருப்பவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். தளத்தின் தலைப்பிலேயே படத்தோடு கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: இரண்டு பிரேக், இரட்டைப் பாதுகாப்பு. அந்த இரண்டாவது மிதியைப் பற்றி மாஸ்டர் ஊருக்கே சொல்லிச் சொல்லி அலுக்க மாட்டார். ஏன் அலுக்கவில்லை என்று பெரியவள் யோசித்ததில்லை.

கேள்வி வேலை செய்தது. மறுநாளிலிருந்து சீமாட்டியும் வரவில்லை, எண்ணெயும் வரவில்லை.

இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் பெரியவளை உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். அந்த எண்ணெய்க்காரன் மெயில் ஒவ்வொன்றும் "அன்பு நண்பரே, இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்றுதான் தொடங்கும். தினமும் அதை அழிப்பதற்கு முன்னால் அவள் ஒருமுறை படிப்பாள். நாள் முழுக்க அவளை அப்படிக் கேட்பவர் வேறு யாரும் இல்லை. கேள்வி வைத்து மூன்றாம் நாள், காலியான பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த மெஷின்கூட நம்மை விட்டுப் போய்விட்டதே என்று தோன்றிவிட்டது. தோன்றியதை நினைத்துச் சிரித்தாள். சிரித்ததையும் பார்க்க ஆள் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு டீச்சர் போன் செய்தாள். அவளுக்கு அது ஓய்வு வகுப்பு.

"என்னடி, பெட்டி எப்படி இருக்கு?"

"ஈ ஓட்டுறேன்."

"குப்பைக்கூடையைப் பார்த்தியா?"

"அது வேற இருக்கா?"

"போச்சுடா! தப்பாப் பதில் சொன்னவங்க எல்லாம் அதுல விழுவாங்கன்னு சொன்னேனே. வாரம் ஒரு தடவை கிளறிப் பாருன்னு சொன்னேனே. சில சமயம் மனுஷங்களும் விழுந்துடுவாங்க. திற, இப்பவே திற."

டீச்சர் சொன்ன இடத்திலெல்லாம் அழுத்திப் பெரியவள் திறந்தாள். நீளமான பட்டியல். ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், கேள்விக்கு அடித்த பதில். அவ்வளவுதான். படிவத்தில் வேறு என்ன எழுதினார்கள் என்பது அதில் இல்லை. "அதையெல்லாம் வச்சா இடம் அடைச்சுக்கும், அதான் வேண்டாம்னு விட்டேன்" என்றாள் டீச்சர்.

பதில்கள் வேடிக்கையாக இருந்தன. சில வரிகளில் அர்த்தமில்லாத எழுத்துகள். சில வரிகளில் "ஆம்". சிலதில் "அருமையான தளம்". கேள்வி வைத்த முதல் நாளே ஒருவர் 1 என்று போட்டு, அடுத்த நிமிடமே 2 என்று திருத்தி உள்ளே வந்துவிட்டார். அது பேக்கரிக்காரர்.

அப்புறம் இன்னொரு 1.

அடுத்த நாளும் ஒரு 1. அதற்கடுத்த நாளும். பெரியவள் விரலை வைத்து எண்ணினாள். பதினேழு.

"யாரோ ஒரு மக்கு ஒண்ணு ஒண்ணுன்னே அடிச்சுட்டு இருக்கு" என்றாள்.

"எப்பெல்லாம்?"

"தினமும். ஒண்ணு பத்துக்கு. மத்தியானம்."

"அதே நேரத்துக்கா?"

"ஒரு நிமிஷம் முன்னப்பின்ன."

"மெஷின் இப்படிப் பண்ணாதுடி. ஒரு பதில் செல்லலைன்னா அடுத்ததுக்குத் தாவிடும். சேர வந்தவங்களா இருந்தாலும் மேலேயே போட்டிருக்கிற பதிலைப் பார்த்துத் திருத்திடுவாங்க. இது தெரிஞ்சே பண்றது. பதினேழு நாள் ஒரே பிடியில நிக்கிறது மனுஷப் பிறவிதான். அதுலயும் சரியான பிடிவாதக்காரப் பிறவி."

பெரியவள் தேதிகளை மறுபடி பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இல்லை. ஸ்கூலுக்கு ஞாயிறு விடுமுறை.

ஒன்று பத்து. ஒரு மணிக்கு வகுப்பை முடித்து, வண்டியை ஓரங்கட்டி, கைகால் கழுவிக்கொண்டு, "அக்கா, பசி உயிர் போகுது" என்று ஒருவன் இதே ஆபீஸுக்குள் வந்து விழுகிற நேரம். எட்டு வருடம் அப்படித்தான் வந்து விழுந்தான். எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்பான்.

"என்னடி, பேச்சையே காணோம்?" என்றாள் டீச்சர்.

"அப்புறம் கூப்பிடுறேன்" என்று பெரியவள் வைத்துவிட்டாள்.

சின்னவன்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பதினேழு நாள் அவன் வாசல்வரை வந்து, பதினேழு நாளும் அவளே வைத்த கதவு அவன் முகத்தில் சாத்தியிருக்கிறது. என்னென்ன எழுதியிருப்பான்? ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

ஆனால் ஏன் ஒன்று? பதில் என்னவென்று அவனைவிட யாருக்குத் தெரியும்? 2 என்று ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். தட்ட மாட்டேன் என்று நிற்கிறான்.

அன்று அவன் வகுப்பெடுத்தது பழைய சிவப்பு வண்டியில். வண்டி சுவரில் மோதி, ஓட்டப் பழக வந்திருந்த தபால்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்க வேண்டியவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவனே அப்படித்தான் சொன்னான். அன்று ராத்திரி பெரியவள் அவனை வைத வசவு, இந்த ஐந்து வருடத்தில் அவள் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிக்கொள்ளாத நாள் கிடையாது. "ஒருத்தர் காலை உடைச்சுட்டு வந்து நிக்கிறியே, உனக்குச் சாப்பாடு போட என் கை வராது." அவன் அப்பாவைப் பார்த்தான். காலையில் அவன் இல்லை.

அப்புறம் ஒரு மாதம் அவளுக்குப் போன் செய்து பார்த்தான். அவள் எடுக்கவில்லை. கோபம் ஆறி இவள் கூப்பிட்டபோது, அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அதுவும் மெஷின் குரல்தான்.

பன்னிரண்டரைக்கு மாஸ்டர் வகுப்பை முடித்துவிட்டு உள்ளே வந்தார். மாஸ்டரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கிளட்ச், கியர், கண்ணாடி, இண்டிகேட்டர் என்றால் மணிக்கணக்கில் பேசுவார். மற்ற விஷயங்களில் வாயைத் திறந்தால் குற்றம் என்பதுபோல் இருப்பார். வருகைப் பதிவேட்டை இழுத்து, பேக்கரிக்காரருக்கு நேராக டிக் போட்டார்.

"ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா மனுஷன் கண்ணை மூடிக்கிறார்" என்றார்.

"அப்பா."

"நர்ஸம்மா எப்ப வர்றாங்க?"

"அப்பா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சிவப்பு வண்டியில எத்தனை பிரேக் இருந்துச்சு?"

பேனா நின்றது.

"எல்லா வண்டியிலயும் எத்தனை இருக்குமோ அத்தனை."

"அதான் எத்தனை?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பதினேழு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். நேரத்தைக் காட்டினாள். ஞாயிறு விடுபட்டதைக் காட்டினாள். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். யாரென்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"கண்டவன் கண்டதை அடிப்பான்" என்றார் கடைசியில். குரலில் சுரத்தே இல்லை.

"கண்டவன் இல்லப்பா. உங்க மகன்."

மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி சொல்லிக்கொடுப்பவர்களுக்கு வருகிற பழக்கம் அது. பஸ்ஸில் போனாலும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், பயம் வந்தால் இல்லாத பிரேக்கைக் கால் தேடும்.

"முந்தின நாள்தான் கழட்டினேன்" என்றார்.

பெரியவள் பதிவேட்டை மூடி ஒதுக்கி வைத்தாள்.

"நம்ம பக்கத்து மிதி சிக்கிச்சு. மிதிச்சா திரும்பி வரலை. கழட்டி வச்சேன், சாமான் வாங்கிட்டு வந்து மாட்டலாம்னு. காலையில அவன் வண்டி எடுக்கும்போது கேட்டான். 'என் பக்கம் மிதி இல்லையேப்பா, எப்படிக் கிளாஸ் எடுக்கிறது'ன்னு. பதினோரு பேர் அன்னிக்கு. நான்தான் சொன்னேன், ஒரு நாள் சமாளிடா, எட்டு வருஷமா எடுக்கிறவன்தானே, ஆபத்துன்னா ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்துக்கோன்னு."

"இழுத்தானா?"

"இழுத்தான். தபால்காரர் பயத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கார். வண்டி சுத்திப் போய் சுவத்துல மோதிடுச்சு."

"போன் பார்த்துட்டு இருந்தேன்னு ஏன் சொன்னான்?"

"ஒரே மிதியோட கிளாஸ் எடுத்ததுன்னு தெரிஞ்சா ஸ்கூலுக்கே பூட்டு. அவனா சொன்னான். நான் சொல்லச் சொல்லலை." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லாதேன்னும் சொல்லலை. அன்னிக்கு சாயந்தரமே மிதியை மாட்டிட்டேன். மறுநாள்தான் வண்டியைச் சோதிக்க வந்தாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு."

வெளியே யாரோ ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். பெரியவளுக்கு அழுகை வரவில்லை, வந்தது ஆத்திரம். இந்த மனிதரோடு ஐந்து வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறாள். ஒருநாள், ஒரே ஒருநாள், "அவன் மேல தப்பில்லைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! நான் அவனை என்னென்ன பேசினேன்னு நீங்க பக்கத்துல நின்னு கேட்டீங்களேப்பா!"

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா சும்மா இருந்தீங்க?"

"உனக்கும் நான்தான்னு தெரிஞ்சா, நீயும் போயிடுவியோன்னு இருந்துச்சு" என்றார் மாஸ்டர்.

பெரியவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். கூட ஆள் இருந்தும் யாரோடும் இல்லாத ஐந்து வருடம். அவளுக்கு மட்டுமில்லை, அவருக்கும் அப்படித்தான் போயிருக்கிறது. அது அவள் ஆத்திரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

பிரேக் இருந்ததா, மிதித்தாயா என்று சின்னவனிடம் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவன் சொன்னதை நம்பி அவள் வைததுதான் மிச்சம். ஐந்து வருடம் கழித்து முதல்முதலாக அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டது ஒரு படிவம். உண்மையான பதிலைச் சொன்னான். தவறு என்றது. மறுநாளும் வந்து சொன்னான்.

"இப்ப மணி பன்னெண்டே முக்கால்" என்றாள் பெரியவள். "ஒண்ணு பத்துக்கு மறுபடி வருவான். ஒண்ணுன்னு போடுவான். இன்னிக்கும் தப்புன்னு சொல்லப் போறோமா?"

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

அவள் டீச்சரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "ஏய், ஒண்ணுன்னு போட்டாலும் சரின்னு உள்ள விடணும். எங்க மாத்துறது?"

"உனக்கென்ன பைத்தியமா? சேர வர்றவங்க குழம்பிடுவாங்க."

"அதெல்லாம் அப்புறம். அவசரம்டி."

குரலைக் கேட்டே டீச்சர் புரிந்துகொண்டாள். நல்ல சிநேகிதிகளுக்கு அந்த வித்தை உண்டு. "சரி, உள்ள போ. கேள்வின்னு ஒரு கட்டம், பதில்கள்னு ஒரு கட்டம். இப்ப அதுல 2, ரெண்டு, இரண்டுன்னு மூணு வரி இருக்கும். அதுக்குக் கீழ நாலாவது வரி சேர்த்துக்கோ. சேமி அழுத்து. முடிஞ்சுது."

பெரியவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். மாஸ்டர் அதன் மேல் கையை வைத்தார்.

"நான் போடுறேன்."

அவர் அதில் இதற்கு முன் ஒரு எழுத்தும் அடித்தவர் இல்லை. ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு மேல்வரிசையில் தேடினார். 1 இடது ஓரத்தில் இருந்தது. அடித்தார். சேமிப்பதற்கு எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டு அதையும் அழுத்தினார். சேமிக்கப்பட்டது என்று திரையில் வந்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

"நல்லபடியா முடியட்டும்" என்று டீச்சர் போனை வைத்தாள். அவள் வகுப்பில் மணி அடித்துவிட்டது.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி வகுப்புக்கு வந்தவரைப் பெரியவள் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை இருவருமே பிரிக்கவில்லை. மாஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒன்று பத்து.

ஒன்று பதினொன்று.

"வரலையோ?" என்றார்.

"ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆகும்பா."

ஒன்று பதிமூன்றுக்குக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. குப்பைக்கூடையில் இல்லை. பெட்டியில். பெரியவள் திறந்தாள்.

பெயர் என்ற இடத்தில் அவன் முழுப்பெயர் இருந்தது. வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர், பள்ளிச் சான்றிதழில் மட்டும் இருக்கிற பெயர். போன் நம்பர் இருந்தது. எந்த நேர வகுப்பு? மத்தியானம் ஒரு மணி. முன் அனுபவம் உண்டா?

இல்லை.

எட்டு வருடம் வண்டி சொல்லிக்கொடுத்தவன் அப்படி எழுதியிருந்தான். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்ற கட்டத்தில் நாலு வரி. பெரியவள் சத்தமாகப் படித்தாள்.

"அஞ்சு வருஷமா ஸ்டியரிங்கைத் தொடலை. மறுபடி முதல்ல இருந்து கத்துக்கணும். இது பதினெட்டாவது தடவை எழுதுறேன், எதுவும் உங்களுக்கு வந்து சேரலைன்னு நினைக்கிறேன். இனிமே எது சரி எது தப்புன்னு சண்டை போடலை. மாஸ்டர் சொல்றதே சரி, என்னைச் சேர்த்துக்கங்க."

மெயிலின் கடைசி வரியில், எல்லா மெயிலிலும் வருவதுபோல், கேள்விக்கு அவன் அடித்த பதிலும் வந்திருந்தது.

2.

மாஸ்டர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் போய் ஏன்டா ரெண்டுன்னு போட்டே?" என்று திரையிடம் கேட்டார். "பதினேழு நாள் நின்னவன், இன்னும் ஒரு நாள் நிக்கக் கூடாதாடா?"

அவர் அழுது பெரியவள் பார்த்ததே இல்லை. அம்மா போனபோதும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அவர் தோளில் கை வைக்க வேண்டும்போலவும் இருந்தது, வைக்கக் கூடாது என்றும் இருந்தது. வைத்தாள்.

"நம்பரைச் சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். அவர் ஆபீஸ் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பெரியவள் ஸ்பீக்கரைப் போட்டாள். மணி அடித்தது. நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"ஹலோ" என்றது ஒரு குழந்தை. மூன்று, நாலு வயதிருக்கும். "அப்பா கை கழுவுறாரு. நீங்க யாரு?"

மாஸ்டர் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் அவரைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?" என்று குழந்தை மறுபடி கேட்டது. வைத்துவிடப் போகிற குரல்.

"வச்சிடாதேம்மா" என்றார் மாஸ்டர் அவசரமாக. "அப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்றியா?"

"ம்."

"அந்தச் சிவப்பு வண்டியில ஒரு பிரேக்தான் இருந்துச்சு. அப்படின்னு மாஸ்டரே சொன்னார்னு சொல்லு."

குழந்தைக்கு அது பெரிய வேலையாகத் தெரிந்திருக்க வேண்டும். போனை வாயிலிருந்து எடுக்காமலே, இவர்கள் காது அடைக்கிற அளவுக்குக் கத்தியது. "அப்பா! சிவப்பு வண்டியில ஒரு பிரேக்தான் இருந்துச்சாம்! மாஸ்டரே சொன்னாராம்!"

குழாயை யாரும் மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது. பெரியவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அழறாரு" என்றது குழந்தை. அதன் குரலில் இப்போது கோபம் இருந்தது. "எங்க அப்பாவை நீங்க என்ன பண்ணீங்க?"